ஏழாம் நாள் தண்ணீர்

உமி சூடேறினால் ஒரு வாடை வரும். வறுத்த அரிசியும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல, மூக்கில் ஏறியதும் கண்ணைச் சொருகவைக்கிற வாடை. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், அதுவரை வலைகளைக் குவித்து வைத்திருந்த ‘சாய்ப்பு’க் கொட்டகைக்குள், முழங்கால் உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவில் இரண்டு குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, கீழே நாலு விரல் கனத்துக்கு உமி பரப்பி, அதன்மேல் பழைய செய்தித்தாள் விரித்து, நூறு கோழிக்குஞ்சுகளை என் அத்தை வளர்த்தாள். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் துணியிலும் தலைமுடியிலும் தலையணையிலும் இந்த வாடைதான். இப்போதும் பேருந்து ஏதாவது அரிசி ஆலையைக் கடந்தால் நான் ஜன்னலை இழுத்துச் சாத்திவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் புழுங்குகிறது என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை, பிலோமி அத்தை. பெரியதாழையில் கட்டிக்கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் மழை தொடங்கும் முன் ஒருநாள் காலையில் ஒற்றைப் பையோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். ஒரு காதில் கம்மல் இருந்தது, மற்றக் காது கிழிந்திருந்தது. மாமா குடித்தால் கை நீட்டுவார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஆனாலும் அப்பா அந்தக் காதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலக் கடலுக்குக் கிளம்பிப் போனார். பத்து வயதில் எனக்கு அப்பாவிடம் பயம் இருந்ததே தவிர கோபம் இல்லை. முதல் கோபம் அன்றைக்குத்தான் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளிர் குழு வழியாக நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறார்கள், வளர்த்துப் பெருக்கினால் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் பாரமாக இருக்க வேண்டியதில்லை என்றாள். அப்பா கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தார். பிறகு சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: “சரி, வளத்துப் பாரு. இந்தக் குஞ்சு தேறிட்டுன்னா நீ இங்கனயே இருந்துக்க, ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். தேறலன்னா மறுபேச்சு பேசாம மாப்பிள்ளகூடப் போயிரணும்.” அம்மா வாய் திறக்கவில்லை. ஆனால் சாய்ப்பில் கிடந்த வலைகளை அன்று சாயங்காலமே தனியாளாக இழுத்து மாடியில் போட்டாள். அதுதான் அவள் சொன்ன பதில் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

குஞ்சுகள் வந்த அன்று மாட்டாஸ்பத்திரியிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவரும் வந்து பார்த்தார். தீவனத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசியவர், தண்ணீரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். “இத்தினியூண்டு வயிறும்மா. அழுக்குத் தண்ணி ஒரு வாய் போனாப் போதும், முடிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டே ஒரு குஞ்சை எடுத்து அதன் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினார். அது தலையை அண்ணாந்து விழுங்கியது. அத்தை நூறு குஞ்சையும் ஒவ்வொன்றாக எடுத்து அப்படியே தொட்டுத் தொட்டு உள்ளே விட்டாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு குஞ்சுக்கும் மாதாவை நோக்கி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

எங்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும். துணி துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. குழாயில் ‘நல்ல தண்ணி’ என்றைக்கு வரும் என்பது குழாய்க்கே தெரியாது. ஆகவே நாங்கள் அளந்து குடிக்க, குஞ்சுகள் தாராளமாகக் குடித்தன. தட்டில் தண்ணீர் ஆழமாக இருந்தால் குஞ்சு உள்ளே விழுந்து விறைத்துப்போகும் என்பதற்காக எல்லோரும் கூழாங்கல் போடுவார்களாம். எங்களுக்குக் கூழாங்கல் எங்கே கிடைக்கும்? அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கப் போன தாத்தாவின் பெட்டியில் சிப்பி ஓடுகள் கிடந்தன. அவற்றைக் கொதிக்கவைத்துத் தட்டுகளில் கவிழ்த்துப் பரப்பினாள் அத்தை. ஓடுகளுக்கு இடையில் தேங்கும் தண்ணீரைக் குஞ்சுகள் கொத்திக் குடிக்கும். காலையும் மாலையும் ஓடுகளை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றுவது என் வேலை.

இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று, மேல்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். பல்புச் சூட்டில் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று எனக்குத் தெரியாது. நாலாம் நாள் விடிந்தபோது மூன்று குஞ்சுகள் காலை நீட்டிக் கிடந்தன. அத்தை சிப்பி ஓட்டைப் புரட்டி, விரலால் உள்பக்கத்தைத் தடவினாள். கஞ்சிபோலக் கொழகொழவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ அந்த விரலைத் துணியில் துடைத்துவிட்டு, “ஏளா, அதுகளுக்குச் சொல்லத் தெரியாது. தாகம் எடுத்தா எத வச்சாலும் குடிச்சிரும். நாமதான் பாத்து வைக்கணும்” என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அடிக்காததால், இனி ஒரு குஞ்சுகூடத் தண்ணீரால் சாகக் கூடாது என்று எனக்குப் பிசாசு பிடித்துவிட்டது. சுத்தம் என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுக்கும் பெண்ணாக ஒரே நாளில் மாறிப்போனேன்.

அந்த வாரம்தான் பெருமழை பெய்து, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. சாக்கடை எது, நடைபாதை எது என்று தெரியவில்லை. காய்ச்சலும் பேதியும் பரவும் என்று தெரு ஓரமெல்லாம் வெள்ளைக் கோடாகப் ப்ளீச்சிங் பவுடர் தூவினார்கள். சுகாதார நர்சம்மா வீடு வீடாக வந்து குளோரின் மாத்திரை கொடுத்தார். “ஒரு குடத்துக்கு ஒண்ணு. இதப் போட்டா தண்ணியில இருக்க கிருமி அத்தனையும் செத்துரும், கேட்டியாம்மா?” என்று அவர் என்னிடமே சொன்னார், அம்மா அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்ததால். அத்தனை கிருமியும் செத்துவிடும் என்ற அந்தச் சொல் என் காதில் தேனாக விழுந்தது. மாத்திரை அட்டையைக் குசினி மாடத்தில் வைத்தேன். அதற்கு நான்தான் காவல்.

ஏழாம் நாள் தடுப்பு மருந்து கொடுக்கிற நாள். கோழிகளைக் கூண்டோடு கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் வராமல் இருக்க அந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்க வேண்டும். அதற்கு முன் குஞ்சுகளுக்குக் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டக் கூடாது. அப்போதுதான் வைத்ததும் எல்லாம் ஓடிவந்து குடிக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், மருந்து வாடை இல்லாத கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அத்தையிடம் சொல்லியிருந்திருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அத்தை ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணறுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சாய்ப்பில் வைத்தாள். விடிந்ததும் மருந்து வாங்கக் கிளம்பும்போது, “ஏளா, இந்தத் தண்ணிய ஒருத்தரும் மொண்டுறாம பாத்துக்க, என்ன? நம்ம உசுரே இதுலதான் இருக்கு” என்றாள். அப்பா சொன்னதும் எனக்குத் தெரியும், அத்தையின் காதும் தெரியும். நான் குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அரைமணி நேரம் இருக்கும். மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. நூல் அளவுதான், கொசுப்புழுவாக இருக்கும். எனக்கோ அந்த மூன்று குஞ்சுகளின் நீட்டிய கால்கள் கண்முன் வந்து நின்றன. புழுவைத் துணியால் வடித்து எடுத்தேன். மாடத்திலிருந்து மாத்திரையை எடுத்துவந்து போட்டேன். ஒன்று போதும் என்று நர்சம்மா சொன்னது நினைவிருந்தது. ஆனால் குஞ்சுகளுக்கு இத்தினியூண்டு வயிறு என்று இன்னொரு மாத்திரையும் போட்டேன். அது நுரைத்துக் கரைந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் எதையும் செய்ததில்லை.

அத்தை வர நேரமாகிவிட்டது. ஐஸ்கட்டி போட்ட பாட்டிலில் மருந்தை வாங்கிக்கொண்டு நேரே வராமல், வழியில் மாதா சொரூபம் வைத்த கெபியில் நின்று, பாட்டிலைப் படியில் வைத்து, முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு வந்திருக்கிறாள். முகம் தெளிந்திருந்தது. புழு என்றால் பதறிவிடுவாள் என்று நான் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீரில் மருந்தைக் கலக்கினாள், தட்டுகளில் ஊற்றினாள். வாடை தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். தெருவே ப்ளீச்சிங் பவுடர் வாடையில் முங்கிக் கிடந்த நாட்கள் அவை. சோற்றில்கூட அந்த வாடைதான் அடித்தது. தொண்ணூற்றேழு குஞ்சுகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு குடித்தன. அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “இனிமே கவலையில்ல” என்றாள்.

இரண்டாவது வாரக் கடைசியில் தெருவின் வடகோடியில் ஒரு வீட்டில் கோழி செத்ததாகச் செய்தி வந்தது. மறுநாள் அதற்கடுத்த வீட்டில். செத்ததைப் புதைக்காமல் சாக்கில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். கடல் எதை வைத்துக்கொள்ளும்? மாலையில் அலை அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. படகு ஏற்றும் இடத்தில் இறகு பிய்ந்து ஊதிக் கிடந்தவற்றைக் காகங்கள் கொத்தி இழுத்தன. அந்தக் காகங்களே எங்கள் கூரையிலும் வந்து உட்கார்ந்தன. வடக்கிலிருந்து ஒவ்வொரு வீடாக அந்த நோய் எங்களை நோக்கி நடந்து வருகிறது என்று எனக்குத் தோன்றியது. தெருப் பெண்கள் அத்தையிடம் வந்து உன் குஞ்சு எப்படி என்று விசாரித்தார்கள். “எங்கன வந்தாலும் இங்கன வராது. மருந்து குடுத்தாச்சுலா” என்று அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நானும் நம்பினேன். எங்கள் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் எந்தக் கோழிக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியுமே!

மூன்று வீடு தள்ளி நின்றது ஒருநாள். பிறகு அடுத்த வீடு. ஒரு காலையில் நான் தண்ணீர் மாற்றப் போனபோது, முந்தின நாள் சாயங்காலம் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு பொட்டு உமிகூட விழாமல், சிப்பி முதுகின் வரிகள் தெரிகிற மாதிரித் தெளிவாக. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒடுங்கி நின்றன. ஒன்று மட்டும் தனியே நின்று, கழுத்தைத் திருகிப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே செய்தித்தாளில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது. நான் அத்தையைக் கூப்பிடவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஓடுகளை மறுபடி தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றிவைத்தேன். குடித்துவிடும் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஐந்து நாளில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. அத்தை கழுத்து திருகியவற்றை மடியில் போட்டு, அலகைத் திறந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். விட்ட தண்ணீர் ஓரமாக வழிந்தது. ஆறாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது நாலு குஞ்சுதான் நின்றன, அவையும் ஆடிக்கொண்டு. அவர் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். “மருந்து ஒழுங்கா ஏறியிருந்தா இப்படி ஆகாதேம்மா. என்ன தண்ணியில கலக்குனீங்க?”

“கிணத்துத் தண்ணிதான் சார். நானே போய் எடுத்துட்டு வந்தேன்.”

“ப்ளீச்சிங், குளோரின் மாத்திரை ஏதும் படலையே? அது உசுரோட இருக்க மருந்தும்மா. குளோரின் பட்டா மருந்தே செத்துரும்.”

“ஐயோ, இல்ல சார். நீங்க சொன்னீங்கல்லா, நான் போடுவனா?”

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் காதில் கடல் இரைந்தது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்; சத்தம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியானால் வழியில் சூடு பட்டிருக்கும், ஐஸ் உருகியிருந்தால் மருந்து வீரியம் போயிருக்கும், வாங்கிக்கொண்டு எங்கேயாவது நின்றீர்களா என்று கேட்டார். அத்தையின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். “நின்னேன் சார்” என்றாள். எங்கே என்று அவர் கேட்டார். அத்தை குனிந்து, ஆடிக்கொண்டு நின்ற குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் அவளே சொன்னாள், கெபியில் நின்றதை. அப்பாவும் திட்டவில்லை. “உன் ராசி அப்படி இருக்கு, யாரு என்ன செய்ய?” என்று மட்டும் சொல்லிவிட்டு, மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த ராசி என்ற சொல் எங்கள் வீட்டில் அன்றைக்கு நுழைந்து, பிறகு வெளியே போகவே இல்லை. பிலோமி கை பட்டால் விளங்காது என்று உறவுக்காரர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டு கொஞ்ச நாளில் வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஆரஞ்சுப் பழத்தோடு, நல்ல மனிதராகத்தான் வந்தார். அத்தை தண்ணீர்த் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, கொண்டுவந்த அதே பையோடு அவர் பின்னால் நடந்தாள். தெருமுனையில் கெபி வந்தபோது மாமா நின்று கும்பிட்டார். அத்தை நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நான் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா என்னை அடித்திருப்பார், அது நிச்சயம். அத்தையை அனுப்பாமல் இருந்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் இது பிலோமி தப்பில்லையே, இன்னொரு தடவை பார்க்கட்டுமே என்று யாராவது ஒருவர் வாய் திறந்திருக்கலாம். அம்மா திறந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு வாய்ப்பை நான் விழுங்கிவிட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் கோவில் திருவிழாவுக்கு அத்தை வரும்போது, இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். ஒரு வருடம் அவள் கையில் கட்டு இருந்தது. இன்னொரு வருடம் முன்பல் ஒன்று இல்லை. அப்படிப் பார்க்கப் பார்க்கச் சொல்வது இன்னும் கடினமாயிற்று. தப்பின் விலையை வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கும்போது, அது என் தப்பு என்று எழுந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது அந்தச் சாய்ப்பு இல்லை. அந்த இடத்தில் தம்பி மீன் பெட்டி அடுக்க ஒரு கான்கிரீட் அறை கட்டியிருக்கிறான். எங்கள் தெருவில் கோழி வளர்ப்பவர் யாரும் இல்லை. பிராய்லர் கடையில் உரித்து வாங்கிக்கொள்கிறார்கள். நூறு குஞ்சுகள் ஒன்றாகக் கத்தும் சத்தத்தைக் கேட்டிராத பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடுகிறார்கள். மாமா இப்போது குடிப்பதில்லை. வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால், குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அத்தைதான்.

போன மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு அத்தை வந்தாள், மாமாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு. அவரை வராந்தாவில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் வழக்கப்படி வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை கட்டிலுக்கு ஒரு அடி தள்ளியே நின்று பார்த்தாள். சிலுவை போடு அத்தை என்றேன். அவள் இரண்டு கையையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என் கையால வேண்டாம்ளா. நல்லா இருக்கட்டும் பிள்ள.”

அப்போது சொன்னேன். புழுவை, மாடத்தை, இரண்டு மாத்திரையை, கதவுக்குப் பக்கத்தில் நின்றதை, எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னேன், அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று தெரிந்தும். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

“அப்போ ஐஸ் உருகலயா?”

“இல்ல அத்தை.”

“நான் நின்னதுனால இல்லயா?”

“இல்ல அத்தை.”

வராந்தாவிலிருந்து மாமா, நாக்கு குழறக் கூப்பிட்டார். அவருக்குத் தண்ணீர் வேண்டும். அத்தை தன்னையறியாமல் நகர்ந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, என்னைப் பார்த்தாளா பிள்ளையைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாதபடி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெளியே போய், அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். என் பிள்ளைக்கு அவள் சிலுவை போடவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.